போர்ஸ் வண்டி இரண்டு

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு 'ஸ்'. அதைச் சேர்த்தவர் கல்யாணத் தரகர் சுப்பையன். இன்றைக்கும் அவரைக் கண்டால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு காலில் விழலாமா என்று தோன்றும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை நாங்கள் 'போர் வண்டி' என்போம். என்னிடம் இரண்டு போர் வண்டிகள் இருக்கின்றன. சுப்பையனுக்கு ஆங்கிலத்தின் மேல் தீராத காதல். ஒன்றுக்கு மேல் எது இருந்தாலும் வால் போல ஒரு 'ஸ்' ஒட்டிவிடுவார். அயோத்தியாப்பட்டணத்துப் பெண் வீட்டுக்கு என்னைப் பற்றி அவர் அனுப்பிய குரல் செய்தி இதுதான்:

"பையன் பேரு மோகன்குமாருங்க. வயசு முப்பத்திமூணு, மெக்கானிக்கல் டிப்ளமோ. அப்பா காலமாயிட்டாரு, அம்மா மட்டுந்தான். அஞ்சு ஏக்கர் தோட்டம், கோழிஸ் ரெண்டாயிரம், போர்ஸ் வண்டி ரெண்டு. வேற கெட்ட பழக்கம் எதுவும் இல்லீங்க."

அதற்கு முன்னால் பதினோரு வீட்டில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். போர் வண்டி என்று காதில் விழுந்ததுமே பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். பத்து மாதம் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் கிடப்பான், திரும்பி வரும்போது தலையிலிருந்து கால்வரை பாறை துளைத்த கல்மாவாக வருவான், காது பாதி கேட்காது என்பார்கள். மூன்றுமே உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

பன்னிரண்டாவது வீடான அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மட்டும் அன்று சாயங்காலமே பதில் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்குப் பையனோடு பேச விருப்பம் என்றார்கள். ஆனால் மறுநாள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பெரியவர்கள் நல்ல காரியத்துக்காகப் படியேற மாட்டார்கள். ஆவணி முதல் ஞாயிறு மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம், அதுவரை பிள்ளைகள் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று முடிவானது. வடக்கே மழைக்காலம் என்பதால் என் வண்டிகள் இரண்டும் சர்வீஸுக்காக வீட்டுக் களத்தில் நின்றன. எனக்கும் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேலை இல்லை.

பெண்ணின் பெயர் தனப்பிரியா. முதல் அழைப்பில் வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

"உங்ககிட்ட ரெண்டு போர்ஷ் இருக்காமே, நிஜமாவா? எங்க அப்பா நம்பவே மாட்டேங்கிறார்."

அயோத்தியாப்பட்டணத்துப் பேச்சில் ஆத்தூர்க் காற்று அடிக்கும். படித்த பெண் வேறு, நாக்கைக் கொஞ்சம் சுழற்றிப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"இதுல நம்பாம இருக்கறதுக்கு என்னங்க இருக்குது? எங்கூர்ல ஊட்டுக்கு ஊடு நிக்குதுங்க."

"வீட்டுக்கு வீடா!" என்றாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

அவள் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வெளிநாட்டில் இருக்கும் ஏதோ பட்டறைக்காக, ஒரே ஒரு வண்டியின் உதிரிபாகப் பட்டியலை வருஷவாரியாகச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அறுபத்து நான்காம் வருஷத்திலிருந்து இன்றுவரை எந்த வருஷத்துக்கு எந்த போல்ட் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாளாம். எந்த வண்டி என்று கேட்டேன். "அதாங்க, உங்க வண்டிதான்" என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. போர் வண்டியின் போல்ட்டை மனப்பாடமாகச் சொல்லும் பெண் உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள், அவள் ஜாதகமும் எனக்குப் பொருந்திவிட்டது!

"இன்ஜின் பின்னாடிதானே?" என்றாள் இரண்டாவது நாள்.

லாரியை ஓட்டும் இன்ஜின் முன்னால் இருக்கும். துளை போடக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரசரின் இன்ஜின் பின்னால், லாரியின் முதுகில் இருக்கும். "முன்னாடி ஒண்ணு இருக்குதுங்க. ஆனா நெசமா வேல பாக்கறது பின்னாடி இன்ஜின்தானுங்க" என்றேன்.

"ரெண்டா? ஐயோ, புதுசா வந்திருக்கிற ஹைபிரிட்டா?"

எனக்குத் தெரிந்த ஹைபிரிட் மக்காச்சோளம்தான். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்பவளிடம் இல்லை என்று சொல்ல மனசு வருமா? "கிட்டத்தட்டங்க" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். அவள் கதை சொல்வதுபோல் அந்த வண்டி வளர்ந்த விதத்தைச் சொல்வாள். முதலில் வந்த வண்டிக்கு நூற்று முப்பது குதிரை சக்திதானாம். பாரம் முழுவதும் பின்னால் இருந்ததால் வளைவில் வேகத்தைக் குறைத்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடுமாம்.

"அதுக்காக முன் பம்பருக்குள்ள இரும்புக் கட்டி வச்சாங்க, தெரியுமா? யாருக்கும் தெரியாம!"

"எங்கப்பாவும் அதையேதாங்க பண்ணினாரு!" என்று நான் கத்தியே விட்டேன். அப்பா தங்கசாமி வாங்கிய முதல் வண்டி மேட்டில் ஏறும்போது பின்பாரத்தில் மூஞ்சியைத் தூக்கும். அவர் சங்ககிரி பட்டறையில் ஒரு தண்டவாளத் துண்டை வாங்கி முன் பம்பரில் வெல்டு வைத்தார். "உங்க அப்பா சாதாரண ஆள் இல்லைங்க" என்றாள் தனப்பிரியா. செத்துப்போன மனுஷனை ஒரு பெண் இப்படிப் பாராட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அறுபத்தொன்பதில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டேகால் அங்குலம் நீட்டினார்களாம். எழுபத்து மூன்றில் வேகத்தில் பின்பக்கம் தூக்காமல் இருக்க வாத்து வால் போல ஒன்று வைத்தார்களாம்.

"உங்க வண்டியில வால் எப்படி?"

"படுக்க வெச்சுத்தானுங்க ரோட்டுல கொண்டு போவோம். நிமித்துனா முப்பது அடிங்க."

அவள் சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது. லாரியின் முதுகில் படுத்திருக்கும் துளைபோடும் கோபுரத்தைச் சொன்னால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் யாராவது சிரிக்கும்போது நடுவில் புகுந்து விளக்கம் கேட்பவன் நான் இல்லை.

ஒருநாள் சண்டையும் வந்தது. தொண்ணூற்றெட்டு வரைக்கும் அந்த இன்ஜினுக்குக் காற்றுதான், அதன் பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்றாள். "தண்ணி வந்ததும் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு பழைய ஆளுங்க இன்னும் புலம்புறாங்க."

"தண்ணி வந்தா எப்படிங்க கெட்டுப்போகும்? தண்ணி வரலீன்னாத்தானுங்க தோட்டத்துக்காரரு நம்மள அடிக்க வருவாரு!" இன்ஜினைக் குளிரவைப்பதைத்தான் அவள் சொன்னாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அதே வருஷம் முன்விளக்கையும் மாத்திட்டாங்க. உடைஞ்ச முட்டை மாதிரி இருக்குன்னு உலகமே திட்டுச்சு. ஆஃப்பாயில் விளக்குன்னு நான் பேர் வச்சிருக்கேன்."

"முட்டையப் பத்தித் தப்பாப் பேசாதீங்க. நான் நாமக்கல் மாவட்டத்துக்காரன்" என்றேன் நிஜமான கோபத்தோடு. அரைமணி நேரம் கழித்து அவளே மன்னிப்புக் கேட்டு அழைத்தாள்.

"சரி, எவ்வளவு வேகம் போகும்? உண்மையைச் சொல்லணும்."

"மணிக்கு நூத்தி இருவதுங்க. பாறையா இருந்தா அம்பதுக்கு எறங்கிரும்."

அடிக்கணக்கில் சொன்னேன். வேறு எந்தக் கணக்கில் சொல்வது? சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கெஞ்சினாள். என் வண்டியில் துளை போடுபவனும் சின்ன வயதுச் சிநேகிதனுமான குழந்தைவேலைக் கம்ப்ரசரைப் போடச் சொல்லி, போனைப் பத்தடி தள்ளிப் பிடித்தேன். நிறுத்தியதும் மறுமுனையில் மெல்லிய குரலில், "சைலன்சரைக் கழட்டிட்டீங்களா?" என்றாள். "வெக்கறதே இல்லீங்க" என்றேன். "மோகன், நீங்க பைத்தியம்" என்றாள். அவள் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று நினைவில்லாமல் கோழிகளுக்கு இரண்டு தடவை தீவனம் போட்டேன்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். குட்டியாக ஒரு கார். அது கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி, வால் முளைத்து, கண் மாறி, மறுபடி கண் திரும்பி, இன்னும் தடித்து, ஒரு நிமிடத்தில் அறுபது வருஷத்தைக் கடந்து வந்து நின்றது. முகம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. கீழே, 'இதுல உங்களோட ரெண்டும் எது எது?' என்று கேட்டிருந்தாள்.

குழந்தைவேல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ஏண்டா, தவளைய மிதிச்ச மாதிரி இருக்குது. என்ன வண்டிடா இது?"

வண்டியின் மூக்கில் இருந்த முத்திரையைப் பெரிதாக்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். போர்ஷ். கோடி ரூபாய்க்கு விற்கும் ஜெர்மன் கார். நான்கு வாரமாக அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வரிசையாக வந்து என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது. பதினோரு பேர் என் வண்டியை வேண்டாம் என்று சொன்னபோது வலிக்கவில்லை, கோபம்தான் வந்தது. இவள் ஆசைப்பட்டது என் வண்டியை இல்லை என்று தெரிந்தபோதுதான் வலித்தது. எனக்கு அந்தப் பெண் வேண்டும். அது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவள், "அப்பா தெரு முழுக்கச் சொல்லிட்டார். பேங்க்ல ரிடையர் ஆனதிலிருந்து அவரை இவ்வளவு சந்தோஷமா நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். முப்பத்திமூன்று வயது ஆண்பிள்ளை, ஆயிரம் அடி பாறையைத் துளைத்தவன், ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்தேன்.

"கோயமுத்தூர்ல கல்யாணத்துக்கு அந்த மாதிரி காரு வாடகைக்கு விடறாங்கடா. ஒரு நாள்தான், எடுத்துட்டு வரட்டுமா?" என்றான் குழந்தைவேல்.

"வேண்டாம்டா" என்றேன். ஆனால் அதை எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை, அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை மஞ்சள் நிறத்தில் அது வந்து சேர்ந்தது. தோட்டத்து மண் தடத்தில் வயிறு தட்டும் என்று தெரிந்து, குழந்தைவேல் கோழித்தீவனச் சாக்குகளை விரித்துக்கொண்டே முன்னால் ஓடிவந்தான். கோயமுத்தூர் டிரைவர் அழாத குறையாக ஓட்டிவந்தார். என் அம்மா சென்னியம்மாளுக்கு யார் வண்டி, எதற்கு வந்தது என்பதெல்லாம் கவலை இல்லை. வாசலுக்கு வந்த வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்கில் வைத்தார். இன்ஜின் பின்னால் இருக்கிறது என்று டிரைவர் சொன்னதும், "அதுக்கு மட்டும் திஷ்டி இல்லையா சாமி?" என்று சுற்றிப் போய்ப் பின்னாலும் ஒன்று வைத்தார். பக்கத்தில் என் போர் வண்டிகள் இரண்டும் எருமைகள் மாதிரி நின்றன.

பத்து மணிக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். தனப்பிரியாவின் அப்பா கருப்பண்ணன் சலவை வேட்டியில் இறங்கினார். மஞ்சள் காரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "இதுதானா மாப்ள!" என்றார். மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டார்.

தனப்பிரியா யாரையும் பார்க்கவில்லை. நேராகக் காரிடம் போனாள். கிட்டப் போனதும் வேகம் குறைந்தது. முன்பக்கத்து வளைவில் ஒரு விரலை மட்டும் வைத்தாள். பின்னால் போனாள், குனிந்தாள், முன்னால் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஆஃப்பாயில்" என்று விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். "தொண்ணூத்தொன்பதாம் வருஷம். ஏழு வருஷமா இதோட ஒவ்வொரு ஆணியையும் எண்ணியிருக்கேன். நேர்ல பார்க்கறது இன்னைக்குத்தாங்க."

நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் நின்றாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். தாம்பூலம் வரைக்கும் போய்விடும். ஆனால் அவள் விரல் அந்த வண்டியின் மேல் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது.

"தனப்பிரியா, இது என்னுது இல்லீங்க" என்றேன். "வாடகை வண்டிங்க. என்னுது அதா, அங்க நிக்குதே ரெண்டு, அதுங்க. எங்க பக்கம் அதைத்தான் போர் வண்டிம்போம்."

குழந்தைவேல் தலையில் கைவைத்துக்கொண்டான். கருப்பண்ணன் ரிக் லாரிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாம்மா, போலாம்" என்று சொல்லிவிட்டு தாங்கள் வந்த காரின் பக்கம் திரும்பினார்.

அவள் நகரவில்லை. "அப்ப மணிக்கு நூத்தி இருபது?"

"அடிங்க. ஆழம்."

"நிமித்தினா முப்பது அடி வால்?"

கோபுரத்தைக் காட்டினேன்.

"ஒரு மாசமா நான் பேசினதுல ஒண்ணுமே உங்களுக்குப் புரியலையா?"

"பாதி புரியலீங்க."

"பின்ன ஏன் தினமும் கேட்டுட்டு இருந்தீங்க?"

"நீங்க சொன்னீங்களேங்க, அதான்." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "என்ற வண்டியப் பத்தி யாரும் இதுவரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்லீங்க. போர் வண்டியின்னதும் எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்கதான் இன்ஜின் எங்க, வால் எப்பிடி, சத்தம் எப்பிடின்னு கேட்டீங்க. இந்த வாடகைக் காரு வந்தது தப்புத்தானுங்க. மூணு நாளா எனக்குத் தெரியும். சொன்னா நீங்க பேச மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

அவள் முகத்தில் கோபம் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. என்னைத் தாண்டிப் போய்ப் போர் வண்டிகளில் ஒன்றின் முன்னால் நின்றாள். குனிந்து பம்பரைப் பார்த்தாள். அது அப்பாவின் பழைய வண்டி, தண்டவாளத் துண்டு துருவோடு அப்படியே இருந்தது. அதன் வெல்டை விரலால் தடவினாள். பிறகு பின்னால் நடந்துபோய்க் கம்ப்ரசர் இன்ஜினைப் பார்த்தாள்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "இன்ஜின் பின்னாடிதான் இருக்கு. வண்டியப் பத்தி இவர் பொய் சொல்லலை. நாமதான் தப்பாக் கேட்டிருக்கோம்."

"அதுக்காக, வாடகைக்குக் காரை வரவச்சு நம்மள முட்டாளாக்கப் பார்ப்பாரா?" என்றார் கருப்பண்ணன். நியாயமான கேள்வி.

தனப்பிரியா குழந்தைவேல் பக்கம் திரும்பி, "போடுங்கண்ணா" என்றாள்.

அவன் போட்டான். களமே ஆடியது. ரெண்டாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் கத்தின, அதுவும் கேட்கவில்லை. போன தடவை வேலையில் குழாயில் தங்கிய கல்மாவு மொத்தமும் வால்வு திறந்ததும் வெளியே பாய்ந்தது. மஞ்சள் கார் வெள்ளையானது. கோயமுத்தூர் டிரைவர் வெள்ளையானார். கருப்பண்ணனின் வேட்டி ஏற்கெனவே வெள்ளை, அவர் மீசையும் வெள்ளையானது. நடுவில் தனப்பிரியா தலைமுடியெல்லாம் மாவோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். கேட்கவில்லை. காதில் கைவைத்துக் காட்டினேன். இன்னும் சத்தமாகக் கேட்டாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். வடக்கே கையை நீட்டினாள். வடக்கே பத்து மாசமா என்கிறாள் என்று புரிந்தது; போர் வண்டிக்காரன் பிழைப்பு சேலத்துக்காரர்களுக்கும் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினேன். இதில் மட்டும் இனி ஏமாற்றக் கூடாது. அவள் தலையைப் பலமாக ஆட்டி மறுத்தாள். அவள் கையை வாயில் குவித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்த ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேல் இன்ஜினை நிறுத்தினான்.

"பத்து மாசமெல்லாம் என்னால தனியா இருக்க முடியாது, நானும் வண்டியில வருவேன்!"

அந்தக் குரல் களத்தைத் தாண்டி, கோழிக்கொட்டகையைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து வரப்பில் நின்றவர்கள்வரை போனது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கோழிகள்கூட ஒரு நொடி வாயடைத்துப் போயின.

முதலில் அசைந்தது என் அம்மாதான். முந்தானையால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டு கருப்பண்ணனின் முன்னால் போய் நின்றார்.

"சம்மந்தி, காப்பி ஆறிப்போகுதுங்க. உள்ள வாங்க."

கருப்பண்ணன் அவரைப் பார்த்தார். போர் வண்டியைப் பார்த்தார். கை இரண்டும் வாயில் இருக்க, மாவு பூசிக்கொண்டு நின்ற மகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மீசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினார்.